விளக்கடியில் பட்டு ரூபிள்

கடையில் எனக்கு வைத்திருக்கும் பெயர் நீல விளக்கு. மருந்துக்கடையின் கல்லாவில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு முன்னால் ஒரு சின்னத் தகரப் பெட்டி, அதற்குள் ஊதா நிறத்தில் எரியும் குழல் விளக்கு. கள்ள நோட்டு பிடிக்கிற விளக்கு. யார் எந்த நோட்டை நீட்டினாலும் அந்த வெளிச்சத்தில் ஒரு தடவை காட்டாமல் நான் உள்ளே போடுவதில்லை. கடை முதலாளியே ஒரு நாள் தன் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துச் சில்லறை கேட்டார். அதையும் காட்டினேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, மாத்திரை எடுத்துக் கொடுக்கும் பெண்கள் அலமாரிக்குப் பின்னால் போய் நின்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். இத்தனை வருடத்தில் ஒரு கள்ள நோட்டு என்னைத் தாண்டி உள்ளே போனதில்லை.

விஷயம் சுலபம். நல்ல நோட்டின் தாள் அந்த வெளிச்சத்தில் மங்கிக் கிடக்கும். கடையில் விற்கிற வெள்ளைத் தாளில் அடித்தது பளீரென்று நீல வெள்ளையாக ஒளிரும். மருந்துச் சீட்டு, பில் தாள், என் சட்டைக் கை எல்லாம் அப்படித்தான் ஒளிரும். மங்கினால் நம்பு, மின்னினால் நம்பாதே. என் வாழ்க்கையே அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போனதும் நான் வேறு பணத்துக்கு மாறிவிடுவேன். ரஷ்யாவில் புரட்சி நடந்த காலத்து நோட்டுகள். இன்றைக்கு அதைக் கொடுத்தால் ஒரு வாய் தேநீர் கிடைக்காது. மன்னர் காலத்து ஐந்நூறு ரூபிள் கைத்துண்டு அகலத்துக்கு இருக்கும். அதில் கவசம் போட்ட ஒரு ராஜா மார்பை நிமிர்த்திக்கொண்டு இருப்பார். மன்னர் போன பிறகு வந்த அரசாங்கம் அவசரத்தில் அடித்த நாற்பது ரூபிளோ தீப்பெட்டி லேபிள் அளவுதான். எண் கிடையாது, கையெழுத்து கிடையாது. முழுத் தாளாக அடித்துக் கொடுத்துவிடுவார்கள், ஜனங்கள் தேவைக்குக் கத்தரியால் வெட்டிக்கொள்ள வேண்டியது. சில்லறைக்கு உலோகம் இல்லையென்று தபால் தலையை அட்டையில் அடித்து, இதுதான் காசு என்றார்கள். ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு படையும் தன் பங்குக்கு நோட்டு அடித்தது. எதை நம்புவது, எதைத் தள்ளுவது என்று அந்த ஜனங்கள் தினம் தினம் திண்டாடியிருப்பார்கள். எனக்கு அந்தக் காலம் பிடித்துப்போனதே அதனால்தான். என்னைப் போன்ற ஆளுக்கு ஏற்ற காலம்.

ஒவ்வொரு நோட்டுக்கும் என் குறிப்பேட்டில் ஒரு பக்கம் உண்டு. எங்கே வாங்கியது, நீளம், அகலம், எந்தக் காசாளரின் கையெழுத்து, எங்கெங்கே ஊசித் துளை, எல்லாம் எழுதி, கடைசி வரியில் ‘விளக்கில்: மங்கல்’ என்று முடிப்பேன். அந்த மேசையை வீட்டில் யாரும் தொடக்கூடாது. என் மகளுக்குப் பத்து வயதிருக்கும்போது, கிழிந்திருந்த ஒரு நூறு ரூபிளை எனக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு பளபள டேப் போட்டு ஒட்டி வைத்துவிட்டாள். பழைய தாளுக்கு டேப்பை விடப் பெரிய எதிரி கிடையாது. பசை ஊறி மஞ்சளாகும், உரித்தால் தாளும் சேர்ந்து வரும். கேட்டபோது முதலில் தான் இல்லை என்று சாதித்தாள், பிறகு அழுதாள். நாலைந்து நாள் அவளோடு நான் பேசவில்லை. அதற்குப் பிறகு அவள் அந்த மேசைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. பிள்ளைகளுக்கு அந்தப் பயம் இருக்க வேண்டும் என்று நான் வெளியில் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன்.

நூலக மாடியில் மாதம் ஒரு தடவை நாணயம், நோட்டு சேர்ப்பவர்கள் சங்கமாகக் கூடுவோம். அதில் ரஷ்ய நோட்டுப் பைத்தியம் இரண்டே பேருக்கு. ஒன்று நான். இன்னொருவர் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருப்பவர், மனைவியை இழந்தவர். ஒரே மகன், தொலைதூர லாரி ஓட்டுகிறான். பழகிப் பழகி, என் மகளை அந்த மகனுக்குக் கொடுத்து, இன்றைக்கு நாங்கள் சம்பந்திகள். எனக்கு இருக்கும் ஒரே நண்பரும் அவர்தான். வேறு யாரும் என்னோடு ஒட்டியதில்லை.

அவரோ என்னுடைய நேர் எதிர். யார் என்ன சொன்னாலும் தலையாட்டி வாங்கிவிடுவார். அவர் ஆல்பத்தில் அப்பட்டமான போலி இரண்டு இருக்கிறது. நான்தான் விளக்கில் காட்டி நிரூபித்தேன். தூக்கி எறிவார் என்று பார்த்தால், திரும்பவும் அதே பக்கத்தில் பத்திரமாகச் செருகினார்.

“போலின்னு தெரிஞ்சும் எதுக்கு வெச்சிருக்கீங்க?” என்றேன்.

“யாரோ உக்காந்து கஷ்டப்பட்டு வரைஞ்சிருக்கான் சம்பந்தி. அதுவும் வேலைதானே.”

அப்போது சிரித்தேன். போலிக்காகப் பரிதாபப்படுகிறவனைப் பார்த்துச் சிரித்திருக்கக்கூடாது என்று பிற்பாடு தோன்றியது.

இப்போது பட்டு நோட்டுக்கு வருகிறேன். புரட்சிக்குப் பிறகு கோரெஸ்ம் என்ற சின்னக் குடியரசில் நோட்டு அடிக்கத் தாள் கிடைக்கவில்லை. நெசவாளிகள் இருந்தார்கள், பட்டு இருந்தது. சரி என்று பட்டுத் துணியிலேயே அச்சுக்கட்டை வைத்துப் பணம் அடித்துவிட்டார்கள். சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக, கம்பளத்துக்குப் போடும் சாயத்தில். அதில் ஒரு இரண்டாயிரம் ரூபிள் என் கைக்கு வந்தது. பழைய சாமான் விற்கும் சந்தையில், ஒரு தையல் பெட்டியின் உள்பக்கத்தில் ஒட்டியிருந்தது. விற்றவனுக்கு அது ஏதோ துணி. நான் பேரம்கூடப் பேசவில்லை. பெட்டியோடு வாங்கிக்கொண்டு நேராகக் கடைக்கு ஓடி விளக்கில் காட்டினேன். பழைய பல் நிறத்தில் மங்கிக் கிடந்தது. அன்று நான் பேருந்துக்குக்கூட நிற்காமல் நடந்தே வீட்டுக்கு வந்தேன். என் சேகரிப்பில் மற்றதெல்லாம் ஒரு பக்கம், அது ஒரு பக்கம்.

சங்கத்துக் கண்காட்சி வந்தது. அதற்கு அந்த நோட்டைச் சட்டம் போட்டு வைக்கலாம் என்று சம்பந்தி சொன்னார்.

“நாலா மடிச்ச தடம் இருக்கு. ரெண்டு வெள்ளைத் துண்டுக்கு நடுவுல லேசான ஈரத்தோட வெச்சு, மேல கனமா ஏதாவது வெச்சா மடிப்பு தானா எடுத்துக்கும். அப்புறம் கண்ணாடி. பத்தே நாள்.”

பத்து நாள் என் கண் பார்வையில் இல்லாமல் அது இருக்கப்போகிறது என்பதே எனக்கு ஒப்பவில்லை. ஆனாலும் சம்பந்தி ஆயிற்றே. கொடுத்தேன்.

பத்து நாள் பதினேழு நாள் ஆனது. இரண்டு தடவை போன் செய்தேன். “முடிஞ்சிடும் சம்பந்தி, முடிஞ்சிடும்” என்றார். வழக்கமாக ஒரு நோட்டைப் பற்றி ஆரம்பித்தால் அரை மணி நேரம் பேசுகிற மனிதர். கடைசியில் கடைக்கே வந்து கொடுத்தார். கறுப்பு மரச் சட்டம், நல்ல வேலைப்பாடு. பின்பக்கம் நான்கு ஓரமும் பழுப்புக் காகிதம் போட்டு ஈ நுழையாதபடி ஒட்டியிருந்தார்.

“எதுக்கு இவ்வளவு ஒட்டு?”

“தூசி போகக்கூடாதுல்ல.”

உள்ளே நிறங்கள் முன்பைவிட எடுப்பாக இருந்தன. அதையும் கேட்டேன்.

“கண்ணாடிக்குள்ள போனா எதுவுமே பளிச்சுனுதான் தெரியும்” என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, இருமல் மருந்துப் புட்டிகளைப் பார்த்துச் சொன்னார். எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். வேலை இருக்கிறது என்று கம்பி நீட்டிவிட்டார்.

மாலையில் கூட்டம் குறைந்ததும் பழுப்புக் காகிதத்தைக் கிழித்தேன். ஆணிகளை நெம்பினேன். நோட்டை எடுத்து விளக்கடியில் பிடித்தேன்.

பளீரென்று மின்னியது.

திருப்பிப் பிடித்தேன். பின்பக்கமும் மின்னியது. நீல வெள்ளை. நேற்று அடித்த பில் தாள் மாதிரி. எனக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டன. பக்கத்தில் ஒரு அம்மா மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது, அவர் பேசியது கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து குறிப்பேட்டைப் புரட்டினேன். என் கையெழுத்தில், நீல மையில், ‘விளக்கில்: மங்கல்’. சந்தேகத்துக்கே இடமில்லை. நான் கொடுத்தது ஒன்று, வந்தது வேறொன்று.

“மாத்திட்டான்” என்றேன் என் மனைவியிடம்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். “யாரு?”

“வேற யாரு? உன் சம்பந்தி. அடிமடியிலயே கை வெச்சுட்டான். எங்கேயோ போலி ஒண்ணு பண்ணி வாங்கி சட்டத்துக்குள்ள வெச்சு ஒட்டிக் கொடுத்திருக்கான்.”

“அவர் அப்படிப்பட்டவர் இல்லீங்க.” சொல்லிவிட்டு அவள் ஒரு போர்வையை மூன்று தடவை மடித்து மூன்று தடவை பிரித்தாள். “நல்லா யோசிச்சுப் பாருங்க. உங்களுக்கு உங்க நிழல் மேலயே சந்தேகம்.”

அவள் அதோடு நிறுத்திக்கொண்டதே எனக்கு உறுத்தியது. சாதாரணமாக என்னோடு ஒரு மணி நேரம் மல்லுக்கு நிற்பவள். மகள் வேறு மறுநாள் போன் செய்தாள். வாரம் இரண்டு தடவை பேசுகிறவள், இரண்டு வாரமாகச் சத்தமே இல்லை. எடுத்த எடுப்பில் கேட்டாள்:

“அப்பா, சட்டம் வந்துடுச்சா? பாத்தீங்களா? நல்லா இருக்கா?”

“ஏன் கேக்கறே?”

“சும்மாதான்பா.”

சும்மாவாம். அவள் பிறந்ததிலிருந்து என் நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டவள் இல்லை. வேவு பார்க்கச் சொல்லி அந்த வீட்டில் போனைக் கையில் கொடுத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். என் பெண்ணை வைத்தே எனக்குக் காதில் பூச் சுற்றப் பார்க்கிறார்கள் என்று நினைத்தபோது நெஞ்சு எரிந்தது.

சனிக்கிழமை மத்தியானம் பேனா மாதிரி இருக்கும் சின்ன ஊதா விளக்கு ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். சம்பந்தியின் வீடு அவர் கடைக்குப் பின்னாலேயே இருக்கிறது. மரத்தூள் வாசனை, சுவரெல்லாம் ஆளில்லாத சட்டங்கள். மாப்பிள்ளை லாரியோடு வெளியூரில். சம்பந்தி கடையில் யாருக்கோ கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தார். “உள்ள உக்காருங்க, இதோ வந்துட்டேன்” என்றார். முகம் வெளிறியிருந்தது. நான் கூடத்தில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக அவர் ஆல்பத்தை எடுத்து ஒவ்வொரு பக்கமாக விளக்கை ஓட்டினேன். என் நோட்டு இங்கேதான் எங்காவது செருகியிருக்கும் என்று எண்ணம். எல்லாம் மங்கல். அந்த இரண்டு போலி மட்டும் மின்னின. விளக்கைத் திருப்பியபோது நாற்காலியில் காய்ந்த வெள்ளைத் துண்டு ஒன்றும் மின்னியது. கண்ணுக்கு உறுத்தலாக இருந்ததால் அதை ஒதுக்கித் தள்ளினேன்.

“அப்பா, என்ன பண்றீங்க?”

மகள் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் தேநீர்க் குவளை. அவள் பார்வை என் கையிலிருந்த விளக்கிலேயே இருந்தது.

“சும்மா.”

“மாமா ரொம்ப நல்லவர்பா.”

“நான் ஒண்ணும் கேக்கலையே.”

குவளை தட்டில் மோதிச் சத்தம் வந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் கேட்காத கேள்விக்கு இவள் ஏன் பதில் சொல்கிறாள்? தெரிந்திருக்கிறது. மாமனார் திருடியது தெரிந்து, வெளியில் சொல்ல முடியாமல் தவிக்கிறாள். எனக்கு அப்படித்தான் கணக்குச் சரியாக வந்தது.

சம்பந்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. நோட்டை எடுத்து மேசைமேல் போட்டு, விளக்கை அதன்மேல் காட்டினேன். மத்தியான வெளிச்சத்திலும் அது நீலமாக எரிந்தது.

“இது என் நோட்டு இல்ல.”

அவர் கை துடைத்த துணியை மேசைமேல் வைத்தார்.

“உங்கள நம்பிக் கொடுத்தேன். ஒரே ஆளு, இந்த உலகத்துல உங்கள ஒருத்தரத்தான் நம்பினேன். என் நோட்டு எங்க?”

அவர் நிமிர்ந்து சமையலறைப் பக்கம் ஒரு முறை பார்த்தார். ஒரு கண் இமைக்கும் நேரம்தான். பிறகு தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“ஆமா சம்பந்தி. நான்தான் மாத்தினேன்.”

“மாமா!” என்று உள்ளிருந்து மகளின் குரல்.

“நீ சும்மா இரும்மா.” குரலை உயர்த்தாத மனிதர் அன்றைக்கு உயர்த்தினார். “ஒருத்தன் வந்து கேட்டான். ஆசப்பட்டுட்டேன். கொடுத்துட்டு, அதே மாதிரி ஒண்ணு வாங்கி வெச்சேன்.”

“யாரு அவன்?”

“வெளியூர்க்காரன். பேர் தெரியாது.”

“எப்ப வந்தான்?”

“நினைவில்ல.”

எழுந்து போய் அலமாரியைத் திறந்து ஒரு அட்டைச் சுருளை எடுத்து வந்தார். அது என்னவென்று எனக்குத் தெரியும். வெட்டாத நாற்பது ரூபிள் முழுத் தாள், வரிசை வரிசையாகத் தீப்பெட்டி லேபிள்கள், ஒரு கத்தரி படாதது. அவர் மனைவி இருந்தபோது வாங்கிக் கொடுத்தது. அதை யாரையும் தொடக்கூட விட்டதில்லை.

“இத எடுத்துக்குங்க. ஈடாகாதுன்னு தெரியும். மன்னிச்சிடுங்க.”

முதலாளியின் நோட்டையே விளக்கில் காட்டிய நான், பேரில்லாத வெளியூர்க்காரன் கதையை மட்டும் ஒரு சந்தேகமும் இல்லாமல் வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன். நான் நினைத்ததே நடந்திருக்கிறது என்ற சந்தோஷம் அப்படி. ஆமாம், சந்தோஷம்தான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? சுருளை அக்குளில் இடுக்கிக்கொண்டு சமையலறையைப் பார்த்துக் கத்தினேன்.

“திருடன் வீட்ல என் பொண்ணு ஒரு நாளும் இருக்கக்கூடாது. புதன்கிழமை சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறேன். பெட்டியக் கட்டி வை!”

அவள் வெளியே வரவில்லை. சம்பந்திதான் எழுந்து நின்றார். “என்னை என்ன வேணா சொல்லுங்க. அவள இங்கிருந்து கூட்டிட்டுப் போயிடாதீங்க. அவனும் ஊர்ல இல்ல, வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்?” என்றார். கண் கலங்கியிருந்தது. நான் நிற்காமல் வந்துவிட்டேன்.

மனைவி அந்த மூன்று நாளும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. “அவ வாழ்க்கையில விளையாடாதீங்க” என்று மட்டும் சொன்னாள். சங்கத்துத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதி, சம்பந்தியை நீக்கச் சொல்லி, உறையில் போட்டும் வைத்தேன். புதன்கிழமை வேலைக்குப் போகும்போது அந்தக் கடிதத்தையும் போலி நோட்டையும் எடுத்துப் போனேன். கடிதத்தோடு போலியையும் இணைத்து அனுப்ப வேண்டும். அதற்கு முன் அதன் குற்றங்களையெல்லாம் ஒரு தாளில் எழுதிவிடலாம் என்று உருப்பெருக்கியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மத்தியானம், கடையில் ஈ காக்காய் இல்லை.

விளக்கடியில் நோட்டை விரித்தேன். மின்னியது. பக்கத்தில் என் கை. கையின் மேல் சட்டை நுனி. அதுவும் மின்னியது.

இருபத்தாறு வருடமாக என் சட்டைக் கை அந்த விளக்கடியில் மின்னிக்கொண்டிருக்கிறது. ஒரு நாளும் அதைப் பார்த்து நான் ஏன் என்று கேட்டதில்லை. இரண்டையும் ஒட்டினாற்போல் வைத்தேன். ஒரே நீலம், ஒரே வெள்ளை, இம்மி வித்தியாசம் இல்லை. சட்டை மின்னுவது எதனால்? துவைப்பதனால். சோப்புத்தூளில் வெண்மைக்காகப் போடுகிற ஏதோ ஒன்று. அதுதானே?

உருப்பெருக்கியை நோட்டின்மேல் வைத்தேன். குறிப்பேட்டை மனப்பாடமாகவே தெரியும். இடது ஓரத்திலிருந்து மூன்றாவது பூவுக்குக் கீழே ஒரு தடித்த இழை, நெசவில் முடிச்சு விழுந்தது. இருந்தது. வலது மூலையில் தையல் பெட்டிக்காரர் ஊசி குத்திய இரண்டு துளை. இருந்தது. முத்திரையின் நடுவில் சாயம் படாமல் விட்டுப்போன ஒரு புள்ளி. அதுவும் இருந்தது. போலி பண்ணுகிறவன் பூவை வரைவான், முத்திரையை வரைவான். நெசவுப் பிழையை எங்கே போய் வரைவான்?

என் நோட்டுதான். யாரும் மாற்றவில்லை. யாரோ துவைத்திருக்கிறார்கள்.

இரண்டு வெள்ளைத் துண்டுக்கு நடுவில் என்று சம்பந்தி சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்தத் துண்டுகளை அழுக்குத் துணி என்று நினைத்து அப்படியே சுருட்டி எடுத்துப் போய்த் துவைக்கும் இயந்திரத்தில் போடக்கூடிய ஆள் அந்த வீட்டில் ஒருத்திதான். அந்தச் சமையலறை வாசல், குவளை தட்டில் மோதிய சத்தம், கண் இமைக்கும் நேரத்துக்குச் சம்பந்தி பார்த்த பார்வை, எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழுந்தன. தலைவலி என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

“உனக்குத் தெரியுமா?” என்றேன் மனைவியிடம்.

என்னவென்று அவள் கேட்கவில்லை. “தெரியும்.”

“முதல்லயேவா?”

“துவைச்ச அன்னிக்கே அழுதுகிட்டே போன் பண்ணினா. மறுபடி மறுபடி ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா, அப்பாகிட்ட சொல்லிடாதேம்மான்னு. அவர்தான் பாவம், நான் பாத்துக்கறேன், நீ வாயத் திறக்காதேன்னு அவகிட்ட சத்தியம் வாங்கிட்டார்.”

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?”

“சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

நான் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டேன்.

“பதினெட்டு நாள்” என்றாள் அவள்.

“என்ன பதினெட்டு நாள்?”

“அந்த டேப்புக்காக நீங்க அவகிட்ட பேசாம இருந்தது. பத்து வயசுப் பொண்ணு. தினமும் நீங்க வேலைக்குப் போறப்ப வாசல்ல வந்து நிப்பா, இன்னிக்காவது பேசுவாரான்னு. நான் எண்ணிட்டிருந்தேன். அவளும் எண்ணிட்டிருந்தா.”

நாலைந்து நாள் என்றுதான் நான் இத்தனை வருடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பியிருந்தேன். ஒவ்வொரு நோட்டின் ஊசித் துளையையும் எண்ணி எழுதி வைத்தவனுக்கு அது மட்டும் எப்படித் தப்பியது? எனக்கு வெட்கமாக இருந்தது. உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, அட்டைச் சுருளையும் நோட்டையும் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மனைவியும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தாள். நான் அங்கே போய் என்ன செய்வேன் என்று அவளுக்கும் நம்பிக்கை இல்லை போலும்.

கதவைத் திறந்தது மகள். திறந்ததும் முதலில் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் கைகளைப் பார்த்தாள். நான் வேலை விட்டு வரும்போதெல்லாம் சின்ன வயதில் அப்படித்தான் பார்ப்பாள். அவளுக்குப் பின்னால் கூடத்தில் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. சம்பந்தி அதன் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மூன்று நாளாக முகம் சவரம் பார்க்கவில்லை.

வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். அவளைக் காட்டிக்கொடுக்காமல் முடித்துவிடலாம் என்று.

“சம்பந்தி, தப்பு என்னுது. கடையில விளக்கு பழுதாம். இன்னிக்குத்தான் ஆள் வந்து பாத்தான். எத வெச்சாலும் மின்னுதாம். நோட்டு என்னுதுதான், இழையெல்லாம் பாத்துட்டேன்.” சுருளை அவர் மடியில் வைத்தேன். “இது உங்க வீட்டம்மா கொடுத்தது. என்கிட்ட இருக்கக்கூடாது. திருடன்னு சொல்லிட்டேன். அந்த வார்த்தைய எப்படித் திருப்பி எடுக்கறதுன்னு தெரியல.”

அவர் என்னையே பார்த்தார். அவர் போலி நோட்டைப் பார்க்கிற பார்வை அது, யாரோ உட்கார்ந்து கஷ்டப்பட்டுச் செய்திருக்கிறான் என்கிற பார்வை. “விளக்கா?” என்றார்.

“விளக்குதான்.”

“சரி, விளக்கு பாழாப்போறது உண்டு” என்றார், தலையாட்டிக்கொண்டே. எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற அதே தலை.

அதோடு முடிந்திருக்கும். மகள்தான் விடவில்லை.

“அப்பா, விளக்கு நல்லாத்தான் இருக்கு.” அவள் கதவுப் பிடியை இன்னும் விடவில்லை. “நான்தான் தோச்சேன். துண்டுக்குள்ள இருந்தது தெரியாது. வெளிய எடுத்து உதறினப்பதான் கீழ விழுந்துச்சு. மாமா எதுவும் பண்ணல.”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். மனைவி செருப்பைக் கழற்றாமல் நின்றாள், தேவைப்பட்டால் நடுவில் வந்து நிற்பதற்காக. சம்பந்தி முக்காலியிலிருந்து பாதி எழுந்திருந்தார், அவரும் அதற்காகத்தான். என் பெண்ணுக்கும் எனக்கும் நடுவில் நிற்க இரண்டு பேர் தயாராக இருந்தார்கள். அப்படி ஒரு ஆள் நான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

தொண்டையைச் செருமினேன். கத்தத்தான் போகிறேன் என்று நினைத்து அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“எந்த சோப்புத்தூள்?” என்றேன்.

அவள் கண்ணைத் திறந்தாள். “என்னப்பா?”

“எந்த சோப்புத்தூள்? வெந்நீரா, பச்சத் தண்ணியா? அயர்ன் பண்ணியா? எல்லாம் எழுதணும்ல.”

முக்காலிக்கு எதிரே இருந்த மேசையில் குறிப்பேட்டை விரித்தேன். அவள் உடனே வரவில்லை. அவள் அம்மா முதுகில் கை வைத்துத் தள்ளிய பிறகு வந்து என் பக்கத்தில் நின்றாள். பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு என் குறிப்பேட்டுக்கு அவ்வளவு கிட்டத்தில் அவள் வந்து நின்றாள். நீலப் பொட்டலம், வெந்நீர், நாற்பது நிமிடம், அயர்ன் பண்ணவில்லை, நிழலில் காய வைத்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். ‘விளக்கில்: மங்கல்’ என்பதை அடித்துவிட்டுக் கீழே எழுதினேன்.

‘விளக்கில்: மின்னுகிறது. துவைத்தவள்: என் மகள். சாயம் போகவில்லை. கிழியவில்லை.’